பழைய போர்ட்: பயப்பட வேண்டியது வயதுக்கல்ல

லண்டனில் விருந்துகளுக்கு ஒயின் பரிமாறுவதும் பழைய பாட்டில்களைத் திறந்து கொடுப்பதும் என் தொழில். கிறிஸ்துமஸ் நெருங்கினால் போர்ட் என்னும் இனிப்பு ஒயின் பாட்டில்கள் வெளியே வரும். கூடவே கேலிப் பேச்சும் வரும். "1927-ஆம் ஆண்டுச் சரக்கா? குடித்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா?" "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திறங்கள்." ஆண்டுதோறும் இதே வசனங்கள். ஒயின் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அண்மையில் ஒரு வீட்டிலும் இதே சிரிப்பு. சிரித்தவர்கள் கையிலிருந்த கிளாஸ்களில் இருந்ததோ வேறொரு போர்ட். கோடையில் திறந்து, பரம்பரைச் சொத்தான கிரிஸ்டல் டிகான்டரில் (ஒயின் பரிமாறும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி, அழகுக்காக மாதக்கணக்கில் அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தது. பாட்டிலைக் கண்டு பயந்தவர்களில் ஒருவர்கூட அந்த டிகான்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் அந்த விஷக் கதையைத் தீர்த்துவிடுகிறேன். எண்பது, நூறு வயதான வின்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்தது) வயதானதாலேயே விஷமாகிவிடாது. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். நொதிக்க வைக்கும் ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு தங்கிவிடும், ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். உணவை நஞ்சாக்கும் கிருமிகள் அதில் பிழைத்துப் பெருக வழியில்லை. கார்க் மட்கினால் காற்று புகும். மணம் போகும், நிறம் போகும், புளித்துக் கசக்கும். வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். செத்துப்போன ஒயின் வேறு, சாகடிக்கும் ஒயின் வேறு. பாட்டிலின் அடியில் பாறைபோல் படிந்திருக்கிறதே என்று கேட்பார்கள். வின்டேஜ் போர்ட்டை அறுவடையிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். திராட்சைத் தோலின் நிறமும் துவர்ப்பும் பல பத்தாண்டுகளில் அடியில் இறங்கித்தான் ஆக வேண்டும். பல்லில் நறநறக்கும், உயிரை எடுக்காது. இதை எத்தனை மேசைகளில் சொல்வது?

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை இன்னும் மோசம்: "ஆல்கஹால்தான் இருக்கிறதே, திறந்தாலும் கெடாது." டானி வகையைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. அது மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகியது. திறந்த பின்னும் சில வாரங்கள் தாங்கும். காற்றே படாமல் பாட்டிலுக்குள் கிழடான வின்டேஜ் போர்ட் அப்படித் தாங்காது. மிகப் பழையதென்றால் அன்று இரவே முடித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் டிகான்டரை இடப்பக்கமாகக் கைமாற்றிக்கொண்டே போவது மரபு. யாராவது தன் முன்னால் நிறுத்திக்கொண்டால், "நார்விச் பிஷப்பைத் தெரியுமா?" என்று கேட்பார்கள், தள்ளி விடு என்று அர்த்தம். அந்த மரபில் டிகான்டர் ஒரே இரவில் காலியாகிவிடும். அலமாரியில் தூங்க வைப்பது நாமாகக் கண்டுபிடித்த வழக்கம்.

இப்போது உண்மையான ஆபத்து. பழைய கிரிஸ்டல் கண்ணாடி பளபளப்பது அதிலுள்ள காரீயத்தால். ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிரிஸ்டல் என்று விற்க 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வெள்ளீயம்.) ஒயினின் அமிலம் அந்தக் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுக்கும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராசியானோவும் ப்ளமும் 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட், கிரிஸ்டல் டிகான்டரில் நான்கு மாதம் இருந்தபின் 3,518 மைக்ரோகிராமை எட்டியது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 10. சுவையில் எதுவும் தெரியாது. ஈயச் சேர்மங்கள் சில இனிக்கவும் செய்யும் என்பதால் நாக்கை நம்பிப் பயனில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுக்களைப் படுத்திய கௌட் மூட்டுவலிக்கு, அன்றைய போர்ட்டில் கலந்திருந்த ஈயமும் ஒரு காரணம் என்று கருதும் மருத்துவ ஆய்வாளர்கள் உண்டு. அதையும் நாம் கேலிச் சித்திரமாக்கிவிட்டோம்.

ஆகவே கிரிஸ்டல் டிகான்டரில் ஊற்றுங்கள், பரிமாறுங்கள், அன்றே காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் இறங்கும் ஈயம் குறைவு. மிச்சமிருந்தால் சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். விலையைச் சொல்லி என்னிடம் வாதிட வேண்டாம்.

பாட்டிலின் வாயையும் கவனியுங்கள். மெழுகு முத்திரை இல்லாத பழைய பாட்டில்களில் கார்க்கின் மேல் சுற்றியிருப்பது பெரும்பாலும் ஈயத் தகடு. ஐரோப்பாவில் 1993-லும் அமெரிக்காவில் 1996-லும்தான் அதற்குத் தடை வந்தது. தகட்டை விளிம்புக்குக் கீழே வெட்டி முழுவதுமாக எடுங்கள். வாயில் வெள்ளையாகப் பூத்திருப்பதை எலுமிச்சைச் சாறு தொட்ட ஈரத் துணியால் துடைத்த பிறகு கார்க்கில் கை வையுங்கள்.

கார்க் உதிரும் நிலையில் இருந்தால் சாதாரணத் திருகு வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் செருகி இழுக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைப் பிடித்து, குளிர்ந்த ஈரத் துணி வைத்துக் கண்ணாடியை வெடிக்க விடும் வித்தை இருக்கிறதே, அதைப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். அடுப்பையும் தோட்டத்துக் குறடையும் வைத்துக்கொண்டு முயன்றவரின் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். திறப்பதற்கு ஒருநாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், ஒரே சீராக மெதுவாக ஊற்றுங்கள், வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கார்க் துணுக்குக்கு மெல்லிய மஸ்லின் துணி போதும்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு வார்த்தை: லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இதில் இருக்கிறது. பழையதானாலும் அது குறைவதில்லை.

டிகான்டரில் ஊறியதைப் பல ஆண்டுகளாகக் குடித்துவருபவர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் அதைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால், வயிற்று வலிக்கும் சோர்வுக்கும் வந்தவரிடம் அலமாரியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எந்த மருத்துவர் கேட்கப்போகிறார்?