ஆபிரிக்கப் பயணமும் வீட்டுக்கு வரவிருக்கும் பிள்ளையும்

திருகோணமலையிலிருந்து ஆபிரிக்காவுக்குப் போகிறவர்களில் நான் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்காகப் போகிறவர்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இங்கே தொண்டு நிறுவனங்களில் பணியாற்றியவர்கள், அதே வேலையை இன்று தென் சூடானிலும் உகண்டாவிலும் செய்கிறார்கள். அவர்களுள் சிலர் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களிலேயே தனியாகப் புறப்படுகிறார்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் அவர்களைப் பார்க்கும் குடும்ப மருத்துவராக இதை எழுதுகிறேன். எனக்குள்ள பெரிய கவலை, அவர்கள் ஊர் திரும்பிய பின் வரும் காய்ச்சலைப் பற்றியது.

எல்லோரும் முதலில் கேட்பது எபோலாவைப் பற்றித்தான். அது கொடிய நோய். பரவும் பகுதிக்குப் போகாமலிருப்பதே நல்லது. ஆனால் சாதாரணப் பயணியின் உயிருக்கு அங்கே பெரிய ஆபத்து மலேரியா. உலகில் ஏற்படும் மலேரியாத் தொற்றுகளில் சுமார் 94 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்தின் ஆபிரிக்கப் பிராந்தியத்தில்தான் ஏற்படுகின்றன. அதற்காகக் கண்டம் முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கு மேலே இருக்கும் அடிஸ் அபாபா நகருக்குள் மலேரியாப் பயம் இல்லை. எகிப்து 2024இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. தென் சூடானிலும் உகண்டாவின் வடக்கிலும் நிலைமை நேர்மாறு. ஆகவே "ஆபிரிக்காவுக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஊர், எந்த மாதம், எங்கே தங்குவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

"மலேரியா எங்களுக்குப் புதிதா டொக்டர்?" என்று மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். புதிதல்லதான். 1934-35 கொள்ளைநோயில் இந்த நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே தொற்று இருந்தது. அந்த வெற்றியில் கவனம் தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டிப் போனது. உள்ளூரிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இதற்குள் நம் உடலில் இருந்த கொஞ்ச எதிர்ப்பாற்றலும் போய்விட்டது. இளையவர்களுக்கோ அது இருந்ததே இல்லை. மேலும், இங்கே அதிகம் இருந்தது வைவாக்ஸ் வகை. ஆபிரிக்காவில் இருப்பது பெரும்பாலும் பல்சிபாரம். காய்ச்சல் தொடங்கி 24 மணி நேரத்துக்குள்ளேயே ஆளை ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகக்கூடியது அது. பழைய குளோரோகுயின் மாத்திரைகளை வைத்து அதைச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மருந்துக்கு அது எப்போதோ பணியாமல் போய்விட்டது.

நுளம்பு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் பல்சிபாரம் காய்ச்சலாக வெளிப்படும்; பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும்கூட. அதாவது நீங்கள் உப்புவெளியில் உங்கள் வீட்டில், பிள்ளைக்குத் தொட்டில் வாங்கிக்கொண்டிருக்கும்போது அது வரலாம். திருகோணமலையில் காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டெங்கு. குருதிப் பரிசோதனையில் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். மலேரியாவிலும் சிறுதட்டுகள் குறையும்! இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் மலேரியா நோயாளியை நேரில் பார்த்ததே இல்லை. அது நாட்டின் வெற்றி, அவர்களுடைய குறை அல்ல. ஆபிரிக்கா போய் வந்ததை நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டால் மலேரியாப் பரிசோதனையை யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு முறை பார்த்து இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கடுமையான மலேரியா மூளையைப் பாதித்துப் பேச்சைக் குழப்பிவிடும். தனியாகப் போய், தனி வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அப்படிப் படுத்துவிட்டால், எங்கே போய் வந்தார் என்று சொல்ல ஆளில்லை. அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஒருவரிடம் போன நாட்டையும் திரும்பிய திகதியையும் எழுதிக் கொடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்கு அழைத்துப் போகும்படி சொல்லி வையுங்கள்.

தடுப்பு மாத்திரையைச் சுகாதார அமைச்சின் மலேரியாத் தடுப்பு இயக்கம் பயணிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. கடையில் வாங்கி விழுங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுக்கும் மெப்ளோகுயின் சிலருக்குக் கெட்ட கனவுகளையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். ஏற்கெனவே மனச்சோர்வோ வலிப்போ உள்ளவர்களுக்கு அது கூடாது. தத்தெடுக்கக் காத்திருப்பவர்களில் சிலர், தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ எங்காவது மறைவாக மருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவ அறிக்கையில் தெரிந்துவிட்டால் பிள்ளை கிடைக்காது என்ற பயத்தில் அதை என்னிடமும் சொல்ல மாட்டார்கள். பல வருட ஏக்கம், சொந்தக்காரரின் கேள்விகள், அலுவலகப் படிகள் எல்லாவற்றையும் தாங்கிய ஒருவருக்குத் தூக்கம் கெடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சிகிச்சை எடுத்துச் சீராக இருப்பவர் நல்ல பெற்றோராக முடியும். மறைத்தபடி மெப்ளோகுயினை விழுங்கிவிட்டு, தெரியாத ஊரில் தனி அறையில் இருப்பதுதான் ஆபத்து. வேறு மாத்திரைகள் இருக்கின்றன: தினமும் எடுத்து, திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டிய டொக்சிசைக்ளின், ஒரு வாரம் மட்டும் தொடர வேண்டிய அடோவாகோன்-புரோகுவனில். ஆளைப் பார்த்துத்தான் தெரிவு செய்ய முடியும்.

இன்னொன்றையும் பெண்களிடம் நான் கேட்பேன்: கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? "அதுதான் இல்லையே டொக்டர், அதனால்தானே தத்தெடுக்கிறோம்" என்று சிலர் கண்கலங்குவார்கள். கேட்பதற்கே மனம் வருந்தும். ஆனாலும் கேட்காமல் விட முடியாது. நம்பிக்கை விட்டுப்போன பின் கருத்தரித்தவர்கள் உண்டு. டொக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு உரியதல்ல. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள நுண்ணுயிரால் ஆனது என்பதால் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உகண்டாவுக்குள் நுழைய முடியாது. கென்யா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். டெங்கைப் பரப்பும் அதே நுளம்புதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்த நுளம்பு நம் வீட்டுப் பூச்சாடித் தட்டிலேயே இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பின்பே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். கொழும்புக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதால் கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள்.

சின்னமுத்து (மீசல்ஸ்) ஊசி போட்டதற்கான பதிவு இல்லாதவர்கள் அதையும் இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும். இதுவும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள தடுப்பூசிகள் என்பதால் இடையே நான்கு வாரங்கள் விடுவது நல்லது. நம் நாட்டு அட்டவணைப்படி பிள்ளைக்குச் சின்னமுத்து ஊசி ஒன்பது மாதத்தில்தான். அதற்கு முன்பே உங்கள் கைக்கு வரும் பச்சிளம் குழந்தைக்கு நீங்கள் சின்னமுத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாது. மலேரியா கட்டி அணைப்பதால் பிள்ளைக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். இருமலால் பரவும் காசநோய் அப்படியல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் இறங்கத் தோன்றும். விக்டோரியா ஏரியில் இறங்காதீர்கள். நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். பில்ஹார்சியா என்பது அந்த நோய். இறங்கியிருந்தால் திரும்பி இரண்டு, மூன்று மாதங்களின் பின் பரிசோதித்துக்கொள்ளுங்கள், மருந்து உண்டு. நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.

தத்தெடுப்புச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் நுணுக்கங்களைச் சட்டத்தரணி சொல்வார். மருத்துவராக எனக்குத் தெரிந்தது, நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்க வருவார், நீதிமன்றம் அவருடைய அறிக்கையைப் பார்க்கும் என்பதுதான். பயணத்தை அவரிடம் மறைக்காதீர்கள். போகும் திகதியையும் வரும் திகதியையும் எழுத்தில் கொடுங்கள்.

போகலாமா, விட்டுவிடலாமா என்று கேட்பவர்களிடம் போகச் சொல்லியே அனுப்புகிறேன். பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் என்னிடமோ உங்கள் மருத்துவரிடமோ வாருங்கள். முடிந்தால் பிள்ளை வரும் நாளுக்கு ஒரு மாதம் முந்தியே ஊருக்குத் திரும்பிவிடுங்கள். அழைப்பு எதிர்பாராமல் முன்னதாக வந்துவிட்டால் பிள்ளையைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார் என்பதை முன்பே முடிவு செய்து, அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து வையுங்கள்.