கால்வாய்ச் சுவர் விரிசல் விட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

நல்ல மழை ஒன்று அடித்தால் போதும், மலேசியாவின் பினாங்கில் ஜாலான் பி. ரம்லி பக்கம் இருப்பவர்கள் முதலில் காரை மேட்டுக்கு ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் கால்வாய் யாருடையது என்று கேட்டால், ஒருவர் "கவுன்சில்" என்பார், இன்னொருவர் "ஜே.பி.எஸ்." என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை.

ஜே.பி.எஸ். என்பது நீர்ப்பாசன, வடிகால் துறை. 1932இல் நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தொடங்கிய துறை அது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகுதான் வெள்ளத் தடுப்பும் அதன் தலையில் வந்தது. சுங்கை பினாங்கு போன்ற ஆறுகள், கடற்கரை அரிப்பு, பெரிய வடிகால்கள் எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டு வாசல் சாக்கடையும் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், ஓடும் சின்னக் கால்வாயும் பினாங்குத் தீவில் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. குழாய்த் தண்ணீர் என்றால் பி.பி.ஏ.; கழிவுநீர்க் குழாய் என்றால் பெரும்பாலும் இண்டா வாட்டர். இந்த இரண்டு சேவைகளையும் கண்காணிப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். ஆற்றுச் சுவருக்காக ஸ்பானுக்கு எழுதினால் பதில் வரும், சுவர் வராது.

சரி, ஜே.பி.எஸ். ஒரு வேலையை எப்படிக் கண்காணிக்கிறது? துறை தானே மண்வெட்டி பிடிப்பது குறைவு. டெண்டர் விட்டு, சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்த குத்தகையாளருக்கு வேலையைக் கொடுக்கிறது. எவ்வளவு தொகைக்கு வேலை எடுக்கலாம் என்பதைப் பொறுத்து ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. ஜி7 குத்தகையாளருக்குத் தொகை வரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் துறையின் பக்கம் 'பெகாவாய் பெங்குவாசா' என்று ஒருவர் இருப்பார். இவர்தான் மேற்பார்வை அதிகாரி. உயர் பதவியில் இருப்பவர் என்பதால் சேற்றில் இறங்கி நிற்கமாட்டார். தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை எழுத்து மூலம் பிரதிநிதிக்குக் கொடுப்பார். அது பெரும்பாலும் மாவட்டப் பொறியாளராக இருக்கும். அவருக்குக் கீழே தினமும் தளத்துக்குப் போகும் தொழில்நுட்ப உதவியாளர்கள். பெரிய திட்டமானால் ஆலோசகப் பொறியாளர் நிறுவனம் ஒன்றும் தன் ஆளைத் தளத்தில் வைத்திருக்கும்.

ஆள் கணக்கை விட இதில் முக்கியம் பணம். குத்தகையாளர் செய்த வேலையை மாதந்தோறும் அளந்து, மேற்பார்வை அதிகாரி சான்றிதழ் கொடுத்தால்தான் காசு வெளியே வரும். அதற்கு மேல் ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு உத்தரவாதமாக மாட்டிக்கொண்டிருக்கும். வங்கி உத்தரவாதம் கொடுக்காதவருக்கு ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காடு பிடித்து, அந்த 5 சேரும்வரை நிறுத்தமாட்டார்கள். கெடுவுக்குள் முடியவில்லையா? 'வேலை முடியவில்லை' என்ற சான்றிதழ் போகும், அன்றிலிருந்து நாள் கணக்கில் இழப்பீடு கழியும்.

வேலை முடிந்ததாகச் சான்றிதழ் கொடுத்ததும் கதை முடிவதில்லை. குறை திருத்தும் காலம் என்று ஒன்று அப்போதுதான் தொடங்குகிறது. பொதுவாக 12 மாதம், சில ஒப்பந்தங்களில் 24 மாதம். அதற்குள் சுவர் விரிந்தாலோ கான்கிரீட் பலகை பெயர்ந்தாலோ, கோளாறு வேலையிலோ பொருளிலோ இருந்தால் குத்தகையாளர் தன் காசில் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு விரிந்தால், அநேகமாக வரிப்பணம்தான். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பின்வரிசையில் அப்படித்தான் நடந்தது. வேலை முடிந்து எட்டு மாதம், ஆற்றோரச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று தடவை நடந்தேன். ஒவ்வொரு முறையும் "இது எங்கள் பகுதி இல்லை" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "தம்பி, வேலை நடந்த இடத்துல வெச்சிருந்த அந்த அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து வெச்சியா?" நான் எடுக்கவில்லை. அக்கா எடுத்திருந்தார், வேலை நடந்த காலத்திலேயே.

அந்தப் பலகையில்தான் எல்லாம் இருந்தது: திட்டத்தின் பெயர், உரிமையாளரான துறை, குத்தகையாளர், தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி. வேலை முடிந்ததும் பலகையைக் கழற்றிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது திட்டப் பெயரை அப்படியே போடுங்கள். சிஸ்பா என்ற அரசுப் புகார் இணைய முறை வழியாகவும் அனுப்பலாம், மாவட்ட ஜே.பி.எஸ். அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, தேதியும் அருகிலுள்ள பாலமோ கடையோ எதுவென்றும் எழுதுங்கள். குறை திருத்தும் காலம் எப்போது முடிகிறது என்றும் அதிலேயே கேளுங்கள்; அக்கா கேட்ட பிறகுதான் எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது.