காகித ஆலைக்கு ஒரு வேகன்: மாடல் ரயிலில் சரக்கு நகரும் விதம்

அமெரிக்காவில் ஒரு வீட்டின் அடித்தள அறை. அறை முழுக்க மேசைகள், மேசைகள் மேல் மாடல் ரயிலுக்கான சின்னத் தண்டவாளம். அங்கே ஒருவர் அட்டையும் பிளாஸ்டிக்கும் வைத்துக் காகித ஆலை ஒன்றைக் கட்டி, ஓரமாக ஒட்டி, ஒரு சைடிங்கை, அதாவது பிரதான பாதையிலிருந்து பிரியும் கிளைத் தண்டவாளத்தை, அதன் வாசல் வரை நீட்டுகிறார். கட்டடம் ஒரு பெரிய ஷூ பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் மறுநாளிலிருந்து அந்த அறையில் ஓடும் ரயில்கள் பலவற்றின் வேலை மாறிவிடுகிறது. அது எப்படி என்பதுதான் மாடல் ரயிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆலை என்றால் அதற்குத் தேவைகள் இருக்கும். காகிதத்துக்கு மரச்சில்லு வேண்டும். சில்லை வேகவைத்துக் கூழாக்க காஸ்டிக் சோடா வேண்டும். வார, மாத இதழ்களின் தாளுக்கு வழவழப்பு வர மேலே வெள்ளைக் களிமண் பூச வேண்டும். அமெரிக்காவில் அந்தக் களிமண்ணுக்குப் பேர்போன இடம் ஜார்ஜியா மாநிலம். அங்கிருந்து அது தண்ணீரில் கரைத்த குழம்பாக டேங்க் வேகனில் வரும். செய்து முடித்த காகித உருளைகள் மூடிய வேகனில் வெளியே போகும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில்லு வேகனும் டேங்க் வேகனும் நிறைந்து வந்து காலியாகத் திரும்புகின்றன. மூடிய வேகன் காலியாக வந்து நிறைந்து போகிறது. சோடா வந்த டேங்க்கில் காகிதம் ஏற்றி அனுப்ப முடியாது. காகிதம் ஏற்ற வேண்டிய வேகனோ சுத்தமாக, நனையாமல் இருக்க வேண்டும். அதனால் எந்தப் பக்கம் போகும் ரயிலிலும் காலி வேகன்கள் கலந்தே இருக்கும். காலி வேகனை நகர்த்துவதும் ரயில்வேயின் வேலைதான். புதிதாக ஓட்ட வருபவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டு எல்லா வேகன்களையும் நிறைத்தே அனுப்புகிறார்கள்.

சரி, எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்று யார் முடிவு செய்வது? ஒரு சீட்டுதான். உண்மையான ரயில்வேயில் சரக்கோடு வேபில் என்ற தாள் போகும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார், சரக்கு என்ன, எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை மாடலுக்குக் கொண்டுவர, 1961-ல் டக் ஸ்மித் என்பவர் மாடல் ரெயில்ரோடர் இதழில் ஓர் அட்டை முறையை விளக்கினார். இன்று பரவலாக இருக்கும் வடிவம் இப்படி: ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அதில் வேகன் யாருடையது என்று காட்டும் எழுத்தும், அதன் எண்ணும் வகையும். அட்டையின் அடியில் ஒரு சின்னப் பை. பைக்குள் வேபில் சீட்டு. சீட்டின் முன்னும் பின்னும், மேலும் கீழுமாக நான்கு கட்டளைகள். செருகியிருக்கும்போது ஒன்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சீட்டைத் திருப்பி வைத்தால் அடுத்த கட்டளை.

நம் மூடிய வேகனின் சீட்டில் முதல் கட்டளை: காலியாகக் காகித ஆலை, 2-ஆம் கதவு. இரண்டாவது: காகித உருளையுடன் சிகாகோ அச்சகம். அந்த அறையில் சிகாகோ கிடையாது. சுவருக்குப் பின்னால் மறைவாக நாலைந்து தண்டவாளங்கள் இருக்கும். மிச்ச உலகம் முழுவதும் அதுதான். ஜார்ஜியாவின் களிமண் சுரங்கமும் அங்கேதான் இருக்கிறது. புது ஆலைக்காக நூறு கட்டடம் கட்ட வேண்டாம், நூறு சீட்டு எழுதினால் போதும் என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு!

எத்தனை சீட்டு எழுதுவது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு மூடிய வேகனில் 70 டன் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 280 டன் காகிதம் செய்யும் ஆலைக்கு 4 வேகன் வேண்டும். ரசாயன முறையில் கூழாக்கினால் உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழாக மிஞ்சும். ஆக உள்ளே வர வேண்டிய சில்லின் எடை கூழைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஈரத்தைச் சேர்த்தால் இன்னும் அதிகம். அவ்வளவு வேகன் நிற்க இடம் எங்கே? ஹெச்.ஓ. என்ற மாடல் அளவில் எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 400 மீட்டர் நீளமுள்ள ஆலை வளாகம் மாடலில் 4.6 மீட்டர் வரும். எந்த வீட்டிலும் ஓர் ஆலைக்கு அவ்வளவு சுவரைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் சில்லில் பெரும்பகுதி லாரியில் வருவதாக வைத்துக்கொள்கிறார்கள். அதில் பொய் இல்லை, உண்மையான ஆலைகளுக்கும் லாரியில் சில்லு வருகிறது.

இனி ஷண்டிங், அதாவது வேகன்களை இழுத்தும் தள்ளியும் அதனதன் இடத்தில் விடும் வேலை. சைடிங்கின் கடைக்கோடியில் சில்லு கொட்டும் இடம், நடுவில் ரசாயனக் குழாய், வாசல் பக்கம் கிடங்கின் இரண்டு கதவுகள். டேங்க் வேகன் குழாய்க்கு நேராகத்தான் நிற்க வேண்டும், கதவுக்கு எதிரே நிறுத்திப் பயனில்லை. கடைக்கோடியில் காலியான சில்லு வேகனை எடுக்க வேண்டுமானால், முன்னால் நிற்கும் எல்லாவற்றையும் முதலில் வெளியே இழுக்க வேண்டும். அதில் ஒரு மூடிய வேகனில் பாதிதான் ஏறியிருக்கலாம். அதைத் திரும்ப அதே கதவில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரே ஒரு வேகனை எடுக்க ஐந்து வேகனை அசைக்கிறோம்.

பாயிண்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது அடுத்த சிக்கல். ரயில் வரும் திசைக்குப் பின்பக்கமாகச் சைடிங் பிரிந்தால் எளிது. பாயிண்ட்டைத் தாண்டிப் போய் நின்று, பின்னோக்கித் தள்ளினால் வேகன் உள்ளே போய்விடும். முன்பக்கமாகப் பிரிந்தால், இன்ஜின் முதலில் உள்ளே நுழைந்து முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும், வேகன் அதன் பின்னால் நிற்கும். அப்போது பக்கத்தில் உள்ள லூப்பில் (இரு முனையும் பிரதான பாதையோடு சேரும் இணைத் தண்டவாளம்) வேகன்களை விட்டுவிட்டு, இன்ஜின் சுற்றிப் போய் மறுமுனையைப் பிடித்துத் தள்ள வேண்டும். லூப்பில் எத்தனை வேகன் அடங்குமோ அத்தனைதான் ஒரு தடவைக்கு. ஹெச்.ஓ.வில் ஒரு மூடிய வேகன் சுமார் 19 செ.மீ. நீளம் என்றால், லூப் 76 செ.மீ. இருந்தால் 4 வேகன். ஐந்தாவது வேகன் வந்துவிட்டால் இன்னொரு நடை. ஆலை கட்டும் முன் இந்த லூப்பை அளந்து பார்ப்பது கட்டடத்துக்கு வண்ணம் பூசுவதைவிட முக்கியம்.

காலி இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நுக் புதிர் நல்ல பாடம். மூன்று சைடிங், முறையே 5, 3, 3 வேகன் பிடிக்கும். இழுத்துத் தள்ளும் முனையில் இன்ஜினோடு 3 வேகனுக்கு இடம். மொத்தம் 8 வேகன். அதில் 5-ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் ரயிலாக அடுக்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 8×7×6×5×4, அதாவது 6,720. மூன்று சைடிங்கிலும் சேர்த்து 11 இடம், வேகனோ 8. மீதி அந்த 3 இடம் இருப்பதால்தான் எதையும் அசைக்க முடிகிறது. காகிதத் துண்டுகளில் 1 முதல் 8 வரை எழுதி மேசையில் நகர்த்திப் பாருங்கள், பத்து நிமிடத்தில் புரியும். நம் ஆலையின் சைடிங்கையும் அதை ஒட்டி வேகன்களைப் பிரித்து அடுக்கும் யார்டையும் முழுக்க நிரப்பினால் எல்லாம் இறுகி நின்றுவிடும்.

ஆலையில் இடமில்லாதபோது வந்த வேகனை என்ன செய்வது? பக்கத்து லைனில் ஓரமாக நிறுத்திவிட்டு, அட்டையைக் காத்திருப்புப் பெட்டியில் போடுவார்கள். உண்மையில் வேகனை அதிக நேரம் பிடித்து வைக்கும் ஆலை டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். நம் துறைமுகங்களிலும் கூட்ஸ் ஷெட்டுகளிலும் புழங்கும் அதே சொல்தான், அதே தண்டனைதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெச்.ஓ.வில் ஒரு மைல் 18.5 மீட்டர்தான், ஊர்கள் சட்டென்று வந்துவிடும். அதை ஈடுகட்ட நாலு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆனால் ஷண்டிங் சுருங்காது. உண்மையில் மணிக்கு 10 மைல் என்பது மாடலில் வினாடிக்கு 5 செ.மீ. அப்படி ஊர்ந்து போய், நின்று, மூங்கில் குச்சியால் வேகன்களை இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, ஆள் இறங்கிப் பாயிண்ட் மாற்றும் நேரத்தையும் விட்டு நகர்ந்தால், ஆலைக்கு மட்டும் நிஜக் கடிகாரத்தில் முக்கால் மணி நேரம் போய்விடும். வேகக் கடிகாரத்தில் அது மூன்று மணி நேரம். அவசரப்பட்டு ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஒரு தள்ளுவண்டியைக்கூட அப்படி யாரும் மோதவிட மாட்டார்கள், இங்கே நாம் தள்ளுவது நூறு டன் வேகன் என்ற நினைப்பு வேண்டும்.

ரயில் ஓட்ட வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அறைக்குச் சொந்தக்காரர் ஒவ்வொரு ஊராகப் போய்ச் சீட்டுகளைத் திருப்பி வைக்கிறார். சிலதை வேண்டுமென்றே திருப்பாமல் விடுகிறார். அந்த வேகன்களில் இன்னும் ஏற்றி முடியவில்லை. 2-ஆம் கதவில் நிற்கும் மூடிய வேகனின் சீட்டைத் திருப்புகிறார். உள்ளே ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் காகித உருளைகள் ஏறியாகிவிட்டன, அது சிகாகோவுக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது.