ஸ்பெல் செக்கர்: பிழைகாட்டியா, பிழைதிருத்தியா?

புதுச்சேரியில் எந்த டிடிபி கடையில் உட்கார்ந்தாலும் "ஒரு தடவை ஸ்பெல் செக் போட்டுடுங்க" என்பது காதில் விழும். அடித்தது தமிழாக இருந்தாலும் அதே சொல்தான். ஆனால் அந்தக் கடையிலேயே "'மணமக்கள்' ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்று கேட்டால் சிரிப்பார்கள். தமிழுக்கு நாம் கேட்பதெல்லாம் சின்ன ரவா பெரிய றவா, ரெண்டு சுழியா மூணு சுழியா, இங்கே ஒற்று வருமா வராதா என்பதுதான்.

ஆங்கிலத்தில் ஸ்பெல் என்பதற்குப் பழைய பொருள் பேச்சு, கதை. நற்செய்தியைக் குறிக்கும் காஸ்பெல் என்ற சொல்லுக்குள் இருப்பதும், மந்திரம் என்ற பொருளில் வருவதும் அதே ஸ்பெல்தான். எழுத்தெழுத்தாகச் சொல்வது என்ற பொருள் பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது, அதுவும் ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சுக்குப் போனதே. செக் இன்னும் வேடிக்கை. சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் செக்தான் அது, பாரசீக 'ஷா'விலிருந்து வந்தது. ஷாவை மிரட்டிய சொல் இன்று கல்யாணப் பத்திரிகையை மிரட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எழுத்துக்கூட்டல் சரிபார்ப்பி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எனக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பது என்றால் நமக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டுத் தடுமாறிப் படிப்பது. புழக்கத்தில் இருப்பவை எழுத்துப்பிழை திருத்தி, சொல்திருத்தி, சுருக்கமாகப் பிழைதிருத்தி. ஓப்பன்-தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான நிரலகத்தில் இந்த வேலைக்கான பகுதிக்கே சொல்திருத்தி என்றுதான் பெயர்.

ஆனால் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே, வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும் என்பது என் கட்சி. காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய நிரல், தப்பான சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சரியான சொற்களைப் பரிந்துரைத்தது. ஐஸ்பெல் அந்த வழியில் வந்தது, அப்புறம் ஆஸ்பெல், ஹன்ஸ்பெல் எல்லாம் அதே பாணி. இவை பிழைதிருத்திகள். 1975-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு பிற்பகலில் எழுதி முடித்த, யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான ஸ்பெல் வேறு வகை: கோப்பைச் சொல் சொல்லாக உடைத்து, அகரவரிசையில் அடுக்கி, திரும்ப வருவதைக் கழித்து, மிச்சத்தை அகராதியோடு ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் வரிசையாகத் துப்பும். பிறகு டக் மெக்கில்ராய் சுமார் 30,000 சொற்களை 64 கிலோபைட் நினைவகத்துக்குள் திணித்து அதை மெருகேற்றினார். ஆனாலும் அது எதையும் திருத்தவில்லை, காட்டியது. எனவே பிழைகாட்டி. இன்றைக்கும் ஹன்ஸ்பெல்லில் கோப்புப் பெயரோடு ஒரு சிறு கோடும் எல் என்ற எழுத்தும் சேர்த்து ஓட்டினால் பட்டியல் மட்டும் வரும், அப்போது அது பிழைகாட்டி. எல் இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்கும், அப்போது பிழைதிருத்தி. (இங்கே ஒரு எச்சரிக்கை: ஹன்ஸ்பெல்லில் ஐ விசை சொல்லைச் சொந்த அகராதியில் சேர்க்கும், ஆஸ்பெல்லில் அதே ஐ 'விட்டுவிடு'. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் அகராதியைக் குப்பையாக்க இது ஒன்றே போதும்.)

ஹன்ஸ்பெல் என்ற பெயரில் இருக்கும் ஹன், ஹங்கேரியைக் குறிக்கிறது, எழுதியவர் லாஸ்லோ நெமெத். நம்மைப் போலவே விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழி அது, அதனால்தான் அவருடைய கருவி தமிழுக்கும் ஓரளவு ஒத்துவருகிறது. ஒரு கோப்பில் வேர்ச்சொற்கள், இன்னொன்றில் ஒட்டு விதிகள். 'வீடு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி உகரக் குறியை வெட்டு, ஒரு புள்ளியும் 'டில்'லும் ஒட்டு என்று விதி எழுதினால் 'வீட்டில்' வந்துவிடும். அதே விதியில் காடு காட்டில் ஆகும், மாடு மாட்டில் ஆகும். ஆனால் 'வண்டு' என்ற சொல்லை அதில் மாட்டிவிட்டால் 'வண்ட்டில்' என்று ஒரு விபரீதம் பிறக்கும், அதனால் டு-வுக்கு முன்னால் மெய் இருந்தால் தொடாதே என்று நிபந்தனையும் போட வேண்டும். தமிழ் அகராதிக் கோப்பு செய்வதில் உழைப்பு முழுக்க இங்கேதான் போகிறது, சொற்களைச் சேகரிப்பது இதற்குப் பக்கத்தில் சுலபம்.

சொல் சொல்லாக உடைப்பது எளிது என்று நினைப்பவர்கள் பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸில் (உரைக்குள் வடிவங்களைத் தேடும் குறிமுறை) 'சொல்லெழுத்து' என்ற குறியைத் தமிழ்மேல் ஓட்டிப் பாருங்கள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணாது. கடலூர் 'கடல', 'ர' என்று இரண்டு துண்டாகும். புதுச்சேரி ப, த, ச, ச, ர என்று பொடியாகிவிடும்.

சரியாக உடைத்தாலும் சில பிழைகள் தப்பித்துவிடும். 'கடலூருக்குள் வெல்லம் புகுந்தது' என்று எழுதினால் எந்தப் பிழைகாட்டியும் வாய் திறக்காது, வெல்லம் நல்ல சொல்தானே. வலி, வழி, வளி மூன்றுமே அகராதியில் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாறினாலும் அதற்குத் தெரியாது. 'கடலூருக்கு போனான்' என்பதில் ப் மிக வேண்டும் என்பதும் தெரியாது, அது ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் பார்க்கிறது. இதற்குப் பெயர் சந்திப்பிழை, எழுத்துப்பிழையிலிருந்து வேறு. தமிழுக்கான கணினிக் கருவிகள் எழுதும் நீச்சல்காரன் இந்த இரண்டையும் பிரித்துத்தான் சந்திக்கு நாவி, எழுத்துக்கு வாணி என்று தனித்தனிக் கருவிகள் செய்தார். ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல் செக்குக்குள் அடங்குவது தமிழில் அடங்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு: கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைக் கருவி பிழை என்று பிடிக்கும். 'கௌரி'யை ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், கெ அடித்துப் பக்கத்தில் ள வைத்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் இரண்டாவது 'கெளரி', வேறு சொல். அதேபோல் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும் பழைய கோப்புகளும் ஏராளம். இந்த வேலையில் மனிதக் கண்ணைவிடக் கருவியே மேல்.

அப்புறம் நம்ம ஊர்ச் சொற்கள். திருப்பாதிரிப்புலியூர், முதலியார்பேட்டை, கொம்யூன் பஞ்சாயத்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைக் குறிக்கும் சொல்தா, இவையெல்லாம் பொது அகராதியில் இல்லாவிட்டால் கருவி வரிசையாக நிறுத்திவைக்கும். அகராதியில் இல்லாத சொல் எல்லாம் பிழை ஆகாது. சொந்த அகராதி என்பது வரிக்கு ஒரு சொல் போட்ட சாதாரண உரைக் கோப்புதான், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சேர்த்து ஒன்று செய்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுத்துவிடலாம்.