கடைசி போல்ட்டை எப்போது இறுக்குவது?

தோட்டத்து ரோட்டில் குழி ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. ஹட்டன் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெரும்பாலும் லோவர் ஆர்ம் புஷ் போயிருக்கும்.

லோவர் ஆர்ம், சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு சேர்க்கும் இரும்புக் கை. சக்கரத்தோடு அதுவும் மேலும் கீழும் அசைய வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி ஆர்முக்குப் புஷ். ஆனால் கீலில் இரும்பும் இரும்பும் உரசும். புஷ்ஷில் எதுவும் உரசாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள், இரண்டிலும் ஒட்டிப்பிடித்தபடி நடுவே இறப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் இறுகி நிற்கும். உள்குழாயைப் போல்ட் சட்டத்தோடு நெரித்துப் பிடிக்கும். ஆர்ம் அசைந்தால் இறப்பர் முறுகும், விட்டால் திரும்பி வரும். அதிர்வில் ஒரு பங்கு அதற்குள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும்.

இதற்கு இயற்கை இறப்பரை விரும்புவதற்குக் காரணம் உண்டு. நன்றாக இழுபடும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசைப்பட்டுப் படிகமாகி, வெடிப்பு பரவவிடாமல் தடுக்கும். யட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டுகிற மரங்களின் குணம் அது.

மாற்றுவது பலத்தை விடப் பொறுமை கேட்கும் வேலை. புஷ்ஷை அழுத்தி வெளியே தள்ளவும் உள்ளே ஏற்றவும் உதவும் பிரஸ் இல்லாவிட்டால் நீளப் போல்ட், தடித்த வாஷர், அளவான குழாய்த்துண்டு போதும். சில புஷ்களின் இறப்பரில் இடைவெளி விட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றுமுன் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்குள் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸ் வேண்டாம், இறப்பர் உப்பிவிடும். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதரைக்கு எங்கள் பக்கம் கோயில் முற்றத்தை விட்டால் வேறு இடமில்லை.

நான் கோட்டை விட்டது கடைசியில். ஜெக்கில் வண்டி நிற்கும்போது சக்கரம் தொங்கும், ஆர்மும் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டேன். இறப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை என்றாகிவிட்டது. வண்டியை இறக்கியதும் ஆர்ம் உயர்ந்தது. அன்றிலிருந்து சும்மா நிற்கும்போதும் இறப்பர் முறுகியபடி. குழியில் விழுந்தால் அதற்கு மேலும். ஆறு மாதம்கூட தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால், ஒரே திசையில் இழுபட்டுக் கிழிந்திருந்தது.

இரண்டாவது முறை போல்ட்டைக் கையால் மட்டும் திருகி, வண்டியை நாலு சக்கரத்தில் இறக்கி, கொஞ்சம் ஆட்டிவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுத்தேன். மறுநாள், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் எலைன்மென்ட்.