எதிரொலியைக் கணக்கில் வைக்கும் பெட்டி

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "கூரைமேல் பழைய ஆன்டெனா நல்ல நிலையில் இருக்கிறது, வீட்டில் இருப்பதோ பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி. வானலை வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பார்க்க ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும் என்கிறார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன. விலை குறைந்ததை வாங்கிவிடலாமா?"

விலை குறைந்த பெட்டி பல நேரங்களில் போதுமானதாகவே இருக்கும். ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கன்வெர்ட்டர் என்ற பெயரே சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. எண்களாக வரும் படத்தைப் பழைய தொலைக்காட்சிக்குப் புரியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமாக மாற்றுவது, அந்தப் பெட்டி செய்யும் வேலைகளில் கடைசியானது, மிக எளியதும்கூட. அதற்கு முன்னால், ஆன்டெனாவில் வந்து விழும் குழம்பிய அலையிலிருந்து அந்த எண்களைப் பிழையின்றி மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு தெரிவது அந்த இடத்தில்தான்.

முதலில் தரநிலை. உலகம் முழுவதற்கும் பொதுவான டிஜிட்டல் ஒளிபரப்பு முறை என்று ஒன்று இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, தென் கொரியா ஆகிய நாடுகள் ஏடிஎஸ்சி முறையைத் தேர்ந்தெடுத்தன. ஐரோப்பிய நாடுகள், இந்தியா, சிங்கப்பூர், மலேசியா முதலியவை டிவிபி-டி குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானும் பிரேசிலும் ஐஎஸ்டிபி-டி முறையைப் பின்பற்றுகின்றன. சீனா தனக்கென ஒரு முறையை வைத்திருக்கிறது. ஒரு முறைக்கான பெட்டி இன்னொன்றுக்கு உதவாது. ஒரே குடும்பத்துக்குள்ளும் தலைமுறை வேறுபாடு உண்டு: டிவிபி-டி2 பெட்டி பழைய டிவிபி-டி ஒளிபரப்பையும் பொதுவாக வாங்கிக்கொள்ளும், ஆனால் பழைய பெட்டிக்குப் புதிய ஒளிபரப்பு வெறும் இரைச்சல்தான். செயற்கைக்கோள் டிஷ்ஷுடனோ கேபிளுடனோ வந்த செட்டாப் பாக்ஸைக் கூரை ஆன்டெனாவுடன் இணைத்துவிட்டுப் படம் வரவில்லை என்று வருந்துவோர் பலர். அவை வேறு முறைகளுக்காகச் செய்யப்பட்டவை.

அடுத்தது சுருக்கமுறை. படத்தை அப்படியே எண்களாக அனுப்பினால் சாதாரணத் தெளிவுக்கே நொடிக்கு 270 மெகாபிட் தேவைப்படும். அதைச் சில மெகாபிட்டாகச் சுருக்குவதற்கு எம்பெக்-2, எச்.264, எச்.265 என்று மூன்று முறைகள் அடுத்தடுத்து வந்தன. 2017இல் ஜெர்மனி டிவிபி-டி2-க்கு மாறியபோது எச்.265 முறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எனவே "டிவிபி-டி2" என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் எச்.265 தெரியாத பெட்டியால் அங்கே படம் காட்ட இயலாது. வாங்குவதற்கு முன் அட்டையில் இவ்விரண்டு வரிகளையும் உங்கள் நாட்டு ஒளிபரப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், தவறான பெட்டிகளை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பழைய ஒளிபரப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நிழலுருவம் நினைவிருக்கும்: செய்தி வாசிப்பவரின் வலப்புறத்தில் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பாளர் நிற்பார். நிலையத்திலிருந்து நேராக வந்த அலையோடு, ஏதோ ஒரு கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பிய அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதே அதற்குக் காரணம். திரையில் ஒரு வரியை வரைய ஏறத்தாழ 52 மைக்ரோவினாடி ஆகும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் செல்லும். ஆகவே எதிரொலித்த அலை 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருந்தால், அரை மீட்டர் அகலத் திரையில் நிழல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழும். அளவுகோலைத் திரையில் வைத்தே எதிரொலியின் கூடுதல் பயணத்தை அளந்துவிடலாம்!

பழைய முறையில் நிழல் கண்ணை உறுத்தியதோடு நின்றது. எண்களாக அனுப்பும்போது எதிரொலி ஒரு பேராபத்தாக மாறுகிறது. நொடிக்குப் பல மில்லியன் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், ஓர் எண்ணின் எதிரொலி வந்து சேர்வதற்குள் அடுத்த பல எண்கள் வந்துவிடுகின்றன. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எதுவும் புரியாமல் போகிறது. காலியான பெரிய மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அனுபவமுள்ள பேச்சாளர் அங்கே நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பின்னரே அடுத்த சொல்லைச் சொல்வார். ஆனால் நிதானமாகப் பேசினால் தொலைக்காட்சிப் படத்தை எப்படி அனுப்புவது?

டிவிபி-டி முறையின் விடை அழகானது: நிதானமாகப் பேசு, ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான குரல்களில் பேசு. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைக்குள், 8கே எனப்படும் நிலையில், தகவலைச் சுமக்கும் 6817 ஊர்தி அலைகள் வரிசையாக நிற்கின்றன; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 1116 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஒவ்வோர் ஊர்தி அலையும் தன் வீச்சிலும் (அலையின் உயரம்) கட்டத்திலும் (அலைவு தொடங்கும் நிலை) சில பிட்டுகளை ஏற்றிக்கொண்டு 896 மைக்ரோவினாடி வரை மாறாமல் நிற்கும். இந்த இரண்டு எண்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல. ஒரு நொடியை 896 மைக்ரோவினாடியால் வகுத்தால் கிடைப்பதுதான் 1116. இதனால் அந்தக் கால அளவுக்குள் ஒவ்வோர் அலையும் அருகிலுள்ளதைவிடச் சரியாக ஒரு முழு அலைவு கூடுதலாக ஆடி முடிக்கிறது; ஓர் அலையை அளக்கும்போது மற்ற அனைத்தின் பங்கும் கூட்டிக் கழித்துச் சுழியாகிவிடுகிறது. இவ்வளவு நெருக்கமாக நின்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். பெட்டிக்குள் இருக்கும் சில்லு, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த ஃபூரியே உருவாக்கிய கணிதத்தைக் கொண்டு, நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை இந்த அலைகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கிறது.

எதிரொலி அடங்குவதற்கான இடைவெளியை எப்படி விடுகிறார்கள் என்பதில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. வெற்று அமைதியை விடுவதில்லை. ஒவ்வொரு 896 மைக்ரோவினாடித் துண்டின் வால்பகுதியை நகலெடுத்து அதன் தலைக்கு முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். இதற்குக் காப்பு இடைவெளி என்று பெயர். நீளமான காப்பு இடைவெளி 224 மைக்ரோவினாடி. பெட்டி அந்தத் தலைப்பகுதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் 896 மைக்ரோவினாடியை மட்டும் வெட்டி எடுக்கிறது. எதிரொலி 224 மைக்ரோவினாடிக்குள் வந்துவிட்டால், வெட்டியெடுத்த சாளரத்துக்குள் முந்தைய துண்டின் எச்சம் எதுவும் இருக்காது. நேராக வந்த அலையும் அதன் எதிரொலியும் அதே துண்டைச் சேர்ந்தவையாகவும், முழு அலைவுகளாகவும் இருக்கும். வாலை எடுத்துத் தலையில் ஒட்டியதால்தான் எதிரொலிக்கும் இடையில் வெட்டுப்படாத முழு அலைவுகள் கிடைக்கின்றன.

இப்போது பள்ளியில் படித்த ஓர் எளிய உண்மையை நினைவுகூருங்கள்: ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு சைன் அலைகளைக் கூட்டினால் கிடைப்பது அதே அதிர்வெண் கொண்ட இன்னொரு சைன் அலைதான், வீச்சும் கட்டமும் மட்டுமே மாறும். அதாவது எதிரொலி இனிக் குழப்பம் அல்ல. ஒவ்வோர் ஊர்தி அலையையும் ஓர் எண்ணால் பெருக்கிய விளைவு மட்டுமே. அந்த எண் தெரிந்துவிட்டால் வகுத்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் பன்னிரண்டு அலைகளுக்கு ஒன்றாக, இன்னதுதான் அனுப்பப்படும் என்று பெட்டிக்கு முன்கூட்டியே தெரிந்த வழிகாட்டி அலைகள் சற்று உரக்க ஒலிக்கின்றன. அனுப்பியது இது, வந்து சேர்ந்தது இது என்று ஒப்பிட்டு, வழியிலுள்ள கட்டடங்கள் அனைத்தும் சேர்ந்து அலைக்கு என்ன செய்தன என்பதைப் பெட்டி கணக்கிட்டுவிடுகிறது.

224 மைக்ரோவினாடியில் அலை 67 கிலோமீட்டர் செல்லும். அவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெட்டிக்கு, எதிரொலிக்கும், அதே நிகழ்ச்சியை அதே அதிர்வெண்ணில் அனுப்பும் இன்னொரு கோபுரத்துக்கும் வேறுபாடே தெரியாது. ஆகவே ஒரு வட்டாரம் முழுவதும் பல கோபுரங்களை ஒரே அதிர்வெண்ணில் இயக்க முடிகிறது. பழைய முறையில் அப்படிச் செய்திருந்தால் திரை முழுவதும் நிழல்கள்தான் நின்றிருக்கும்.

சில ஊர்தி அலைகளில் மட்டும், எதிரொலி நேரெதிர்க் கட்டத்தில் வந்து அலையை முற்றிலும் அழித்துவிடும். சுழியால் வகுக்க முடியாதல்லவா? அந்த இழப்பைப் பிழைதிருத்தக் குறிமுறைகள் ஈடுசெய்கின்றன. டிவிபி-டி-யில் 188 பைட் தரவுக்கு 16 பைட் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. 204 பைட்டில் எந்த 8 பைட் கெட்டுப்போனாலும் அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். டிவிபி-டி2 இன்னும் வலிமையான குறிமுறையைக் கையாள்கிறது. அது ராபர்ட் கேலகர் 1960இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வாகச் செய்தது. அக்காலக் கணினிகளுக்குச் சுமக்க முடியாத கணக்காக இருந்ததால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1990களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இதுபோன்ற புதிய ஏற்பாடுகளால், பிரிட்டனில் நொடிக்கு 24 மெகாபிட் சென்ற அதே அகல அலைவரிசையில் டிவிபி-டி2 வழியாக 40 மெகாபிட் செல்கிறது. "இந்த ஆய்வால் ஐந்து ஆண்டுகளில் என்ன பயன் விளையும்?" என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்து நிதி வழங்கும் குழுக்கள், அந்தக் கட்டத்தில் கேலகர் எதை எழுதியிருக்க முடியும் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஏடிஎஸ்சி முறையின் முதல் தலைமுறை வேறு வழியில் சென்றது. அங்கே ஒரே ஊர்தி அலைதான். அது நொடிக்கு 1.076 கோடி குறிகளைச் சுமக்கிறது. ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையில் அலை 28 மீட்டர் மட்டுமே நகர்கிறது. தெருமுனைக் கட்டடத்தின் எதிரொலிகூடப் பல குறிகளின்மேல் விழும். அதைக் கழித்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் சமனாக்கியின் தலையில்தான். தொடக்ககாலப் பெட்டிகளில் அது வலுவற்றிருந்தது; பின்னால் வந்த சில்லுகளில் நன்கு மேம்பட்டது. எனவே அமெரிக்காவில், 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதற்கு முன் வந்த பெட்டியைவிட, அண்மைக்காலச் சில்லு கொண்ட பெட்டியை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. அடுத்த தலைமுறையான ஏடிஎஸ்சி 3.0, பல ஊர்தி அலைகள் என்ற வழிக்கே வந்துவிட்டது. அதற்குத் தனிப் பெட்டி வேண்டும்.

எந்த முறையானாலும், சமிக்ஞையின் வலிமையையும் தரத்தையும் இரண்டு தனித்தனிப் பட்டைகளாகக் காட்டும் பெட்டியையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பிழைதிருத்தத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை படம் மாசற்றிருக்கும்; எல்லையைக் கடந்தவுடன் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். விளிம்பில் நிற்கிறோமா என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது, தரப்பட்டைதான் சொல்லும். வலிமை நிறைந்தும் தரம் தாழ்ந்தும் இருந்தால் எதிரொலியோ வேறு குறுக்கீடோதான் காரணமாக இருக்கும். அப்போது பெருக்கி வாங்கிப் பொருத்துவது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

"டிஜிட்டல் ஆன்டெனா" என்று எழுதி விற்கப்படும் பொருளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அதிர்வெண் மட்டுமே. தன்மேல் விழும் அலையில் இருப்பது எண்ணா, படமா, பாட்டா என்று அதற்குத் தெரியாது. அந்த அட்டையை நம்பிப் பழையதைக் கழற்றி எறிவது, ராசிக்கல்லை நம்பி மோதிரத்தை மாற்றுவதற்குச் சமம். உங்கள் பகுதி நிலையங்கள் இப்போது விஎச்எஃப், யுஎச்எஃப் என்னும் இரு அதிர்வெண் பகுதிகளில் எதில் ஒளிபரப்புகின்றன என்பதும், கூரைமேல் இருக்கும் ஆன்டெனா அதற்கு உரியதா என்பதும்தான் கேள்வி. திரையில் தெரியும் சேனல் எண்ணை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்த எண் பல நாடுகளில் ஒரு பெயர்ப்பலகை போன்றது, உண்மையான அதிர்வெண் வேறாக இருக்கும்.

மற்றவை எளிய செய்திகள். படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறச் செருகிகள் உள்ள வெளியீடு வேண்டும். ஆன்டெனாத் துளை மட்டுமே உள்ள மிகப் பழைய தொலைக்காட்சிக்கு, அந்தத் துளையிலேயே செருகக்கூடிய ஆர்எஃப் வெளியீடு வேண்டும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டி இரண்டுக்கும் பயன்படாது. அகலப் படத்தைச் சதுரத் திரையில் எப்படிப் பொருத்துவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது நல்லது.

பெட்டியை இணைத்தபின் ஆன்டெனாவை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சாண் நகர்த்தினாலே எதிரொலிகள் சேரும் கட்டம் மாறி, மூழ்கிக் கிடந்த ஊர்தி அலைகள் எழுந்துவிடக்கூடும். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் சில நொடிகள் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெட்டி சராசரி எடுத்த பிறகே தரப்பட்டை அசையும், ஆன்டெனாவைப் பிடித்திருக்கும் உங்கள் உடலும் அலைக்கு ஒரு தடைதான்.