இடைச்செருகல்: சுவடியிலிருந்து டி.என்.ஏ.வுக்கு வந்த சொல்

இடைச்செருகல் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஏட்டுச்சுவடிதான் நினைவுக்கு வரும். மூல ஆசிரியர் பாடாத செய்யுளைப் பின்னால் வந்த ஒருவர் நடுவே நுழைத்திருப்பார். பதிப்பாசிரியர்கள் நடையையும் யாப்பையும் சொல்லாட்சியையும் பார்த்து அதைப் பிரித்தெடுப்பார்கள். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று தனியே அச்சிடப்படுபவை இவ்வகையைச் சேர்ந்தவை. வேதியியலில் இன்டர்கலேஷன் எனப்படும் நிகழ்வுக்கும் இதுவே சரியான தமிழ்ச் சொல் என்பது என் உறுதியான கருத்து.

இன்டர்கலேஷன் இலத்தீனிலிருந்து வந்தது. 'இன்டர்' என்றால் இடையே. 'கலாரே' என்றால் அறிவித்தல். பழைய உரோம ஆண்டுக்கு 355 நாட்களே இருந்தன. அது பருவங்களோடு பொருந்தாமல் விலகும்போது, பிப்ரவரியின் பிற்பகுதியில் கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கப்படுவதாகக் குருமார்கள் அறிவிப்பார்கள். காலண்டர் என்ற சொல்லும் இந்த வேரில் முளைத்ததுதான். பிற்காலத்தில் வேதியியலார், அடுக்கடுக்கான பொருளின் நடுவே வேறொரு மூலக்கூறோ அயனியோ புகுந்து அமர்வதற்கு இதை வைத்துக்கொண்டார்கள். கைபேசி மின்கலம் மின்னேற்றம் பெறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காருவது அன்றாட எடுத்துக்காட்டு.

டி.என்.ஏ.வும் ஓர் அடுக்குதான். அதன் எழுத்துகளான காரங்கள் இணையிணையாக 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அக்ரிடின் வகைச் சாயங்களின் தட்டையான மூலக்கூறுகள் இந்த இணைகளுக்கு இடையே நுழைகின்றன என்று 1961இல் லெர்மன் விளக்கினார். அப்படி ஒன்று நுழைந்தால் அந்த இடத்தில் இடைவெளி ஏறத்தாழ இரு மடங்காகிறது, திருகுச்சுருள் சற்றுத் தளர்கிறது, இழை நீள்கிறது. டி.என்.ஏ. கரைசலின் பாகுநிலை கூடுவதை வைத்தே ஆய்வகத்தில் இதை உய்த்துணர முடியும்.

இங்கேதான் 'செருகு' என்ற வினையின் அருமை தெரிகிறது. கொண்டையில் பூவைச் செருகுகிறோம். கூரை இறவாணத்தில் அரிவாளைச் செருகி வைக்கிறோம். ஆணியும் இல்லை, முடிச்சும் இல்லை. இரு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதால் பொருள் நிற்கிறது, வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வுக்குள் நடப்பதும் அதுவே. புகுந்த மூலக்கூறுக்கும் காரங்களுக்கும் இடையே சகப்பிணைப்பு உருவாவதில்லை. மேலும் கீழும் உள்ள கார வளையங்களின் ஈர்ப்பே அதைத் தாங்குகிறது. இலத்தீன் சொல்லில் அறிவிப்பு மட்டுமே இருக்கிறது; தமிழ்ச் சொல்லில் செயல்முறையே இருக்கிறது. சிலர் ஊடுருவல் என்று எழுதுகிறார்கள். ஊடுருவுவது மறுபுறம் வரை துளைத்துச் செல்வது. அது இங்கே பொருந்தாது.

நடுவே ஓர் உலோக அணுவும், அதைச் சுற்றிப் பிணைந்த மூலக்கூறுகளோ அயனிகளோ ஆன ஈனிகளும் கொண்ட உலோக அணைவுகளுக்கு வந்தால், செருகிக்கொள்ளும் திறனை வடிவமே முடிவு செய்கிறது. டெர்பிரிடின் ஈனியுடைய பிளாட்டினம் அணைவு தட்டையானது, அது டி.என்.ஏ.வில் செருகிக்கொள்வதை 1974இல் லிப்பர்டு குழுவினர் காட்டினர். ருத்தேனியம் அணைவோ எண்முகி வடிவம் கொண்டது, முழுவதுமாக உள்ளே போக முடியாது. ஆனால் அதன் மூன்று ஈனிகளில் ஒன்று நீண்டு தட்டையாக இருந்தால் அந்த ஒன்று மட்டும் உள்ளே போகும். மற்ற இரண்டும் வெளியே நிற்கும். ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் 1990இல் வெளியிட்ட ருத்தேனியம் அணைவு இப்படிப்பட்டது. நீரில் அது ஒளிர்வதில்லை, ஏனெனில் நீண்ட ஈனியிலுள்ள நைட்ரஜன்களை நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு ஒளியை அவித்துவிடுகின்றன. டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டதும் நீர் அங்கே எட்டுவதில்லை, அணைவு ஒளிர்கிறது. இதற்கு ஒளிச்சுவிட்ச் என்று பெயர் வந்தது மிகப் பொருத்தம்.

சுவடிச் சொல் இன்னொரு வகையிலும் ஒத்துப்போகிறது. செருகிய சாயம் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழை உண்டாக்கி, ஒரு காரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதன்பின் வரும் வாசகம் முழுவதும் தடம் மாறிவிடும். இத்தகைய பிழைகளைக் கொண்டுதான் 1961இல் கிரிக், பிரென்னர் முதலியோர் மரபுக் குறியீடு மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது என்று நிறுவினார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் தட்டையான பிளாட்டினம் அணைவுதான்; ஆனால் அது இடைச்செருகி அன்று. அதற்குச் செருகிக்கொள்ள அகன்ற வளையப் பரப்பு இல்லை. குளோரைடுகளை இழந்து, பெரும்பாலும் அடுத்தடுத்த இரு குவானின் காரங்களின் நைட்ரஜன்களோடு அது நேரடியாகப் பிணைகிறது. அதன் இரு குளோரைடுகளும் எதிரெதிராக அமைந்த டிரான்ஸ் வடிவம் அந்த அண்டைப் பிணைப்பை உருவாக்க முடியாது, மருந்தாகவும் பயன்படுவதில்லை. செருகுவது வேறு, கட்டுவது வேறு. சிஸ்பிளாட்டினைப் பற்றி எழுதும்போது 'அணைவுப் பிணைப்பு' என்றே எழுத வேண்டும்.